ஸ்பீக்கர் மோட்டாரை எடைபோடுவது எப்படி: நீலகிரியில் ஒலிக்கும் பெட்டிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியிலிருந்து கோவைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ இறங்கி ஸ்பீக்கர் வாங்கும் சவுண்ட் சர்வீஸ்காரர் கடையில் முதலில் கேட்பது காந்தத்தின் எடையை. அடுத்துக் கேட்பது வாட்டை. இவ்விரண்டு எண்களும் ஸ்பீக்கரின் குரலைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கின்றன. காந்தம், இரும்புத் தகடுகள், இடைவெளி, வாய்ஸ் காயில் ஆகியவை சேர்ந்த பகுதியைத்தான் மோட்டார் என்கிறோம். அதில் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைந்தே தீரும் என்பதால், எதைக் கூட்டுவதற்காக எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்தவருக்கே சரியான ஸ்பீக்கர் கிடைக்கும். கடல் மட்டத்தில் அளந்து அச்சிட்ட விவரத்தாள், 1,850 மீட்டர் உயரக் குன்னூரிலோ 2,240 மீட்டர் உயர ஊட்டியிலோ அப்படியே பொருந்துவதும் இல்லை. கீழே எடுத்துக்காட்டாகக் கொள்வது, திருவிழாப் பெட்டிகளில் போடும் வகையைச் சேர்ந்த ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். அதன் எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தின் மாடலும் அல்ல.

தொடங்குமுன்: மோட்டார் செய்யும் இரண்டு வேலைகள்

வளையக் காந்தத்தின் மேலே ஒரு இரும்புத் தகடும் கீழே ஒரு இரும்புத் தகடும் இருக்கின்றன. கீழ்த் தகட்டிலிருந்து எழும் நடுத்தண்டு மேல் தகட்டின் துளைக்குள் நுழைந்து நிற்கிறது. தண்டுக்கும் தகட்டுக்கும் இடையே எஞ்சும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் அகலமுள்ள வட்டமான சந்துதான் கேப். அந்தச் சந்தில், ஸ்பீக்கர் கூம்பின் அடியில் ஒட்டிய கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் தொங்குகிறது. அமெரிக்கப் பொறியாளர்களான செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925-இல் விவரித்த, கூம்பே நேரடியாகக் காற்றை அசைத்து ஒலி எழுப்பும் ஸ்பீக்கரிலிருந்து இந்த அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. அன்று நிலைக்காந்தத்தின் இடத்தில் மின்சாரம் பாய்ச்சிய புலச்சுருள் இருந்தது, அவ்வளவுதான்.

காயிலின் மீது விழும் விசை என்பது கேப்பின் காந்தப் புலம், அந்தப் புலத்துக்குள் இருக்கும் கம்பியின் நீளம், கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஆகிய மூன்றின் பெருக்கல். முதல் இரண்டையும் பெருக்கி வரும் எண்ணை விவரத்தாள்கள் பிஎல் என்று குறிக்கும். மோட்டாரின் இரண்டாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. காயில் அசையும்போது அதே பிஎல் எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கிக் கூம்பின் ஆட்டத்துக்குத் தடை போடுகிறது. ஆகவே பிஎல் ஒரே சமயத்தில் முடுக்கியாகவும் பிரேக்காகவும் இருக்கிறது. காந்தம் பெரிதானால் பேஸ் கூடும் என்ற நம்பிக்கை பொய்த்துப்போவது இந்த இடத்தில்தான்.

முதல் படி: மலைக்காற்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

விவரத்தாளில் உள்ள எண்கள் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோகிராம் அடர்த்தியுள்ள காற்றைக் கருதி எழுதப்பட்டவை. ஊட்டியில் 15 டிகிரி வெப்பநிலையில் காற்றின் அடர்த்தி சுமார் 0.95 கிலோகிராம்தான் இருக்கும். குன்னூரில் சற்றே கூடுதல். கூம்பு அதே அளவு அசைந்தாலும் அது தள்ளும் காற்று ஐந்தில் ஒரு பங்கு இலேசானது என்பதால், அது உண்டாக்கும் ஒலியழுத்தமும் அதே விகிதத்தில் குறைகிறது. டெசிபலில் சொன்னால் இழப்பு ஏறக்குறைய 2. அதை ஆம்ப்ளிஃபயரால் ஈடுகட்ட நினைத்தால் 1.6 மடங்கு மின்திறன் வேண்டும்.

மின்திறனையாவது பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கிச் சரிசெய்துவிடலாம். அசைவை அப்படிச் சரிசெய்ய முடியாது. சமவெளியில் காயில் 5 மி.மீ. அசைந்து தந்த பேஸை ஊட்டியில் அதே உரப்பில் கேட்க வேண்டுமானால் அது 6 மி.மீ.-க்கும் மேல் அசைந்தாக வேண்டும். சமவெளியில் எல்லைக்குள் நின்ற ஸ்பீக்கர், மேலே வந்து ஹெத்தையம்மன் திருவிழாவிலோ எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவிலோ திறந்த மைதானத்தில் வைத்ததும் கரகரப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பழியோ ஆம்ப்ளிஃபயர் மீது விழும். மலையில் ஸ்பீக்கரிடம் முதலில் தீர்ந்துபோவது அசைவுதான். வாட் அதற்குப் பின்தான். ஆகவே இங்குள்ளவர் மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் வரிசையும் அசைவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: அசைவுக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்

ஒரே உரப்பில் அதிர்வெண் பாதியானால் அசைவு நான்கு மடங்காக வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மி.மீ. போதுமான இடத்தில் 40 ஹெர்ட்ஸுக்கு 4 மி.மீ. தேவை. இந்த அசைவு முழுவதிலும் பிஎல் மாறாமல் நிற்க வேண்டும் என்பதுதான் மோட்டார் வடிவமைப்பின் மையச் சிக்கல். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

பெரும்பான்மையான ஸ்பீக்கர்களில் கேப்பின் உயரத்தைவிடக் காயில் உயரமாக இருக்கும். கேப் 8 மி.மீ., காயில் 18 மி.மீ. என்று கொள்வோம். வித்தியாசத்தில் பாதியான 5 மி.மீ. வரை இருபுறமும் அசைந்தாலும் கேப்புக்குள் நிற்கும் கம்பியின் அளவு மாறாது. ஆனால் எந்த நேரத்திலும் காயிலின் 44 சதவீதம்தான் வேலை செய்கிறது. மீதிக் கம்பி மின்சாரத்தைச் சூடாக மாற்றிக்கொண்டும் கூம்பின் மீது சுமையாகவும் இருக்கிறது. கேப்பின் விளிம்புகளில் கசியும் புலம் அதற்குச் சிறிது வேலை தருகிறது என்றாலும், அந்தக் கசிவு மேலும் கீழும் ஒரே அளவில் இருப்பதில்லை.

இப்போது அதே கேப்பில் 8 மி.மீ. அசைவு வேண்டும் என்று காயிலை 24 மி.மீ. ஆக உயர்த்துங்கள். கேப்புக்குள் இருக்கும் பங்கு 33 சதவீதமாக இறங்கும். மோட்டாரின் வலிமை கால் பங்கு குறையும். 63 மி.மீ. விட்டமுள்ள இரண்டடுக்குச் செம்புக் காயில் என்றால் அதன் நிறை சுமார் 13 கிராமிலிருந்து 18 கிராமாக ஏறும். அசையும் மொத்த நிறை 60 கிராமாக இருந்த கூம்பில் இவ்விரண்டு மாற்றங்களும் சேர்ந்து ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒலியில் ஏறத்தாழ 2 டெசிபலைத் தின்றுவிடும். மலைக்காற்றில் ஏற்கெனவே 2 டெசிபல் போய்விட்டது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் இது சிறிய இழப்பு அல்ல. இருந்தும், குறைந்த அதிர்வெண்ணுக்கான பெட்டி என்றால் அந்த விலையைக் கொடுத்துவிடலாம் என்பதே என் கருத்து. உரப்பு குறைவதைவிட உரப்பில் உடைவதுதான் கேட்பவரை அதிகம் வருத்துகிறது.

மற்ற வழி, கேப்பை உயரமாகவும் காயிலைக் குட்டையாகவும் அமைப்பது. கேப் 18 மி.மீ., காயில் 8 மி.மீ. என்றால் அசைவு அதே 5 மி.மீ.; ஆனால் காயில் முழுவதும் எப்போதும் சீரான புலத்துக்குள்ளேயே இருக்கிறது. நிறையும் பாதிக்குக் கீழே வந்துவிடுகிறது. கேட்பதற்குத் தெளிவான, திரிபு குறைந்த ஒலி. விலையோ கடுமையானது: கேப்பின் பரப்பு இரண்டேகால் மடங்காவதால் அதே புலத்தை நிறுத்த இரண்டேகால் மடங்கு காந்தப் பாய்வு வேண்டும், தகடும் தடிமனாக வேண்டும். சிறிய காயிலில் செம்பும் குறைவு என்பதால் திடீரென வரும் உரத்த அடிகளில் அது வேகமாகச் சூடாகும். வீட்டில் கேட்கும் பெட்டிக்கு இது அருமையான அமைப்பு. பிக்கப் வண்டியில் ஏற்றிக் கோத்தகிரி எஸ்டேட் சாலைகளில் குலுங்கிப் போகும் பெட்டிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காதுக்கு இது எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். காயில் இருபுறமும் ஒரே சீராகப் புலத்தை விட்டு வெளியேறினால் முக்கியமாக மூன்றாம் ஒத்திசைவு (மூல அதிர்வெண்ணின் மூன்று மடங்கில் எழும் திரிபு ஒலி) கூடுகிறது. தவிலின் தொப்பியடி இறுகிக் கறாராக ஒலிக்கும். ஒரு பக்கம் முன்னதாகவே வெளியேறினால் இரண்டாம் ஒத்திசைவு கூடுகிறது. அது பேஸைக் குண்டாகக் காட்டும், சிலர் அதை விரும்பவும் செய்வார்கள். இதைவிட மோசமானது, பேஸ் ஆட்டத்தில் பிஎல் ஏறி இறங்கும்போது அதே கூம்பில் வரும் பாடகர் குரலும் சேர்ந்து நடுங்குவது. கூட்டத்தில் பேச்சு புரியவில்லை என்ற புகார் வந்தால் டிரெபிளைத் திருகுவதற்கு முன் பேஸைக் குறைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: காயிலைக் கம்பி எண்ணால் மதிப்பிடாதீர்கள்

கம்பியைத் தடிமனாக்கினால் நல்லதா, சுற்றுகளைக் கூட்டினால் நல்லதா என்ற விவாதம் ரீவைண்டிங் செய்பவர்களிடையே ஓயாமல் நடக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விவாதத்தின் பெரும்பகுதி கரைந்துபோகும். மோட்டாரின் உண்மையான வலிமை, பிஎல்லின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்து வரும் எண். கம்பியின் நீளமும் குறுக்குப் பரப்பும் அந்த வகுத்தலில் எப்படிச் சேருகின்றன என்று விரித்து எழுதினால், கம்பி முழுவதும் கேப்புக்குள் இருக்கும் நிலையில் எஞ்சுவது மூன்றே மூன்று: புலத்தின் வர்க்கம், செம்பின் மொத்தக் கன அளவு, செம்பின் மின்தடைத் தன்மை. அதே இடத்தை மெல்லிய கம்பியால் பல சுற்றுகளாக நிரப்பினாலும் தடித்த கம்பியால் சில சுற்றுகளாக நிரப்பினாலும் வலிமை ஒன்றே. மாறுவது ஓம் மட்டும். அதாவது, கம்பியின் தடிமனை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். ஒலிக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டியது செம்பின் அளவையும் அது நிற்கும் இடத்தையும்.

வட்டக் கம்பியை அடுக்கினால் இடையிடையே காற்று நிற்கும். பூச்சையும் சேர்த்துப் பார்த்தால் சுற்றப்பட்ட இடத்தில் முக்கால் பங்குகூடச் செம்பாக இராது. தட்டைக் கம்பியை விளிம்பில் நிறுத்திச் சுற்றினால் இந்த வீணான இடம் பெருமளவு குறைகிறது. உயர்விலை ஸ்பீக்கர்களில் அதைக் காண்பதற்கு இதுவே காரணம். அதை நம்மூரில் ரீவைண்டிங் செய்வது எளிதல்ல என்பதையும் வாங்கும்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.

செம்பா அலுமினியமா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அலுமினியம் செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் 61 சதவீதம்தான். நம் 12 அங்குல ஸ்பீக்கரில் 60 கிராம் அசையும் நிறையில் செம்பு 12 கிராம் என்று வையுங்கள். அதே அளவுள்ள அலுமினியக் காயிலைப் போட்டால் மொத்த நிறை 52 கிராமுக்கு அருகில் வரும். வலிமையோ 61 சதவீதமாகும். இரண்டையும் சேர்த்தால் ஒரு வாட்டுக்கான ஒலி கிட்டத்தட்ட ஒரு டெசிபல் குறைகிறது. மேல் அதிர்வெண்களுக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் ஒன்றில் அசையும் நிறை 0.35 கிராம், அதில் செம்பு 0.2 கிராம் என்றால் கணக்குத் தலைகீழாகும்: நிறை 0.21 கிராமாக விழுந்து, வலிமை இழப்பையும் மீறி 2 டெசிபலுக்கு மேல் ஆதாயம் கிடைக்கிறது. கூம்பு கனமாக இருக்கும் இடத்தில் செம்பு. காயிலே பாதி எடையாக இருக்கும் இடத்தில் அலுமினியம். செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் எடையில் அலுமினியத்தைப் போன்றதே. பூச்சு இருப்பது முக்கியமாக ஈயம் பற்றவைக்கும் வசதிக்காக.

அடுக்குகளை இரண்டிலிருந்து நான்காக்கினால் செம்பின் கன அளவு கூடும். கூடவே கேப்பும் அகலமாக வேண்டும், மேல் அதிர்வெண்களில் மின்னோட்டத்தைத் தடுக்கும் இண்டக்டன்ஸும் ஏறும். நான்கடுக்குக் காயில் சப்வூஃபருக்குப் பொருந்தும். குரலும் அதே கூம்பில் வர வேண்டுமானால் இரண்டடுக்கோடு நிறுத்துவது நல்லது.

நான்காம் படி: கேப்பின் அகலம்

காயில் 0.6 மி.மீ., அதைத் தாங்கும் ஃபார்மர் 0.1 மி.மீ., இருபுறமும் 0.25 மி.மீ. இடம் என்றால் கேப் 1.2 மி.மீ. ஆகும். இதை 1 மி.மீ. ஆகக் குறைத்தால் புலம் அதிகபட்சம் 20 சதவீதம் கூடலாம். வலிமை 44 சதவீதம் வரை ஏறலாம். ஒலியில் ஒன்றரை டெசிபல். காயிலின் சூடு இரும்புக்குக் கடத்தப்படுவதும் மேம்படும். எஞ்சும் 0.15 மி.மீ. இடத்தில், காயிலை நடுவில் நிறுத்தும் நெளிவுத் துணியான ஸ்பைடர் சற்றே கோணினாலும், ஃபார்மர் சூட்டில் துளி வளைந்தாலும், காயில் தகட்டில் உரசும்.

சமவெளியில் இதைத் துணிச்சல் என்று சொல்லலாம். நீலகிரியில் துணிச்சலோடு துருவும் சேர்ந்துகொள்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையில் நனைகின்றன. ஊட்டிக்கும் கூடலூருக்கும் தென்மேற்குப் பருவமழை. எந்தப் பக்கம் இருந்தாலும் பெட்டிகள் பல மாதங்கள் மூடுபனிக்குள்தான் இருக்கின்றன. முலாம் சரியாகப் பூசப்படாத தகட்டில் எழும் துருச்செதில் ஒன்று 0.15 மி.மீ. சந்தை அடைக்கப் போதுமானது. இந்த மலைக்கு 0.25 மி.மீ.-க்குக் குறையாத இடம் உள்ள, துத்தநாக முலாமோ கறுப்புப் பூச்சோ தெளிவாகத் தெரியும் மோட்டாரையே எடுங்கள். அந்த ஒன்றரை டெசிபலை விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: இரும்பையும் காந்தத்தையும் சேர்த்துப் பாருங்கள்

காந்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மென்இரும்பு ஏறத்தாழ 2 டெஸ்லாவுக்கு மேல் பாய்வைத் தாங்காது. அதற்குமேல் சேர்க்கும் காந்தம் வெளியே கசிவதற்கே பயன்படும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நடுத்தண்டின் குறுக்குப் பரப்பையும் கேப்பின் பரப்பையும் ஒப்பிட்டால், கேப்பின் உயரம் காயில் விட்டத்தில் நான்கில் ஒரு பங்காக இருக்கும்போது இரண்டும் சமமாகின்றன. 25 மி.மீ. காயிலுக்கு அந்த எல்லை சுமார் 6 மி.மீ. உயரத்திலேயே வந்துவிடும். ஃபெரைட் மோட்டாரில் பாய்வின் பெரும்பகுதி கேப்புக்கு வராமலே வழியில் கசிகிறது. அந்தக் கசிவும் தண்டின் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், தண்டு கேப்பைவிட மிக முன்னதாகவே நிரம்பிவிடும். காற்றோட்டத்துக்காகத் தண்டின் நடுவில் துளை இட்டிருந்தால் நிலைமை இன்னும் நெருக்கடி. 25 மி.மீ. காயிலின் பின்னே ஒரு பெரிய ஃபெரைட் வளையத்தை ஒட்டி விற்கும் ஸ்பீக்கர்களில் அந்த எடையின் பெரும்பகுதி வாங்குபவரின் கண்ணுக்காக வைக்கப்பட்டது. தண்டு நிரம்பி நிற்பது முழுக்கத் தீமையும் அல்ல: நிரம்பிய இரும்பைக் காயிலின் மின்னோட்டம் எளிதில் அசைக்க முடியாது என்பதால், புலம் நிலையாக நிற்பதற்காகவே சிலர் அப்படி வடிவமைக்கிறார்கள்.

அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த ஆல்நிக்கோ காந்தம் 1970-களின் இறுதி வரை உயர்தர ஸ்பீக்கர்களில் வழக்கமாக இருந்தது. 1978-இல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ஷாபா மாகாணத்தில் நடந்த மோதலால் கோபால்ட் விலை பாய்ந்ததும் உற்பத்தியாளர்கள் ஃபெரைட்டுக்குத் தாவினார்கள். ஃபெரைட் மலிவானது, துருப்பிடிக்காதது. ஆனால் அதன் எஞ்சிய காந்தத்தன்மை 0.4 டெஸ்லா அளவில்தான் இருக்கும் என்பதால் அகலமான வளையம் தேவை. 1980-களில் வந்த நியோடைமியத்தில் அது 1.2 டெஸ்லாவுக்கும் மேல். ஒரு கைப்பிடி அளவுக் காந்தமே போதும். ஆனால் சாதாரண நியோடைமியத் தரங்கள் 80 டிகிரிக்கு மேல் நிரந்தரமாக வலிமை இழக்கத் தொடங்கும். பூச்சு உரிந்தால் ஈரத்தில் அரித்தும் போகும்.

ஒலியில் இவற்றுக்கிடையே சொல்லப்படும் மாயமான வித்தியாசங்களை நான் நம்புவதில்லை. அதே புலம், அதே வடிவியல் என்றால் காயிலுக்குக் காந்தத்தின் பெயர் தெரியாது. மலையில் நியோடைமியத்துக்கு உள்ள நேர்மையான ஆதாயம் எடைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் வழியாக ஏறி, பிறகு எஸ்டேட் லயன்கள் வரை குழி விழுந்த சாலையில் போகும் பெட்டியில், கனத்த ஃபெரைட் வளையம் ஒட்டுப் பசையிலிருந்து நழுவிக் காயிலைச் சிறைப்பிடிப்பது நடக்கக்கூடியது. ஃபெரைட் எடுப்பவர் வார்ப்புச் சட்டம் உள்ளதையே எடுங்கள். 15 அங்குலத்துக்கு மேல் என்றால் காந்தத்தின் பின்புறத்தைப் பெட்டிக்குள் ஒரு மரத்தாங்கியால் முட்டுக்கொடுங்கள்.

ஆறாம் படி: செம்பு வளையம் இருக்கிறதா என்று கேளுங்கள்

காயிலில் ஓடும் மின்னோட்டமும் ஒரு காந்தம்தான். அது நிலைக்காந்தத்தின் பாய்வை ஒவ்வொரு அதிர்விலும் சற்றே கூட்டியும் குறைத்தும் விடுகிறது. தவிர, காயில் உள்ளே போகும்போது அதைச் சுற்றி இரும்பு அதிகம், வெளியே வரும்போது குறைவு என்பதால், இண்டக்டன்ஸ் அசைவோடு சேர்ந்து மாறுகிறது. பேஸும் குரலும் ஒன்றாக வரும் பெட்டியில் குரல் மங்கிக் கரடுமுரடாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தண்டைச் சுற்றிச் செம்பாலோ அலுமினியத்தாலோ மூடிய வளையம் ஒன்றை வைத்தால், மாறும் பாய்வு அதில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கித் தன்னைத்தானே எதிர்க்கிறது. திரிபும் குறைகிறது, மேல் அதிர்வெண்களும் நீள்கின்றன. இங்கும் விலை உண்டு. தண்டின் தலையில் கவிழ்க்கும் 0.5 மி.மீ. செம்புத் தொப்பி கேப்பைக் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் அகலப்படுத்தி புலத்தைக் குறைக்கிறது. அந்தத் தொப்பி எல்லா அதிர்வெண்களுக்கும் உதவாது: 1,000 ஹெர்ட்ஸில் மாறும் பாய்வு செம்புக்குள் சுமார் 2 மி.மீ. ஆழம் ஊடுருவும், 100 ஹெர்ட்ஸில் 6.5 மி.மீ. மெல்லிய தொப்பி குரலைச் சுத்தமாக்கும். பேஸில் அதன் பங்கு குறைவு. பேஸுக்கும் வேண்டுமானால் தண்டின் அடியில் தடித்த வளையம் தேவை. பேச்சும் பக்திப்பாடலும் அதிகமாக ஒலிக்கும் பெட்டிக்கு, காந்த எடையில் அரைக் கிலோ குறைந்தாலும் தொப்பி உள்ள ஸ்பீக்கரையே தேர்ந்தெடுப்பேன்.

ஏழாம் படி: பெட்டியோடு பொருத்துங்கள்

60 கிராம் நிறை, 45 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வு (கூம்பு இயல்பாக ஆடும் அதிர்வெண்), 5.5 ஓம் மின்தடை, 16 பிஎல் என்றால் மின் க்யூ 0.36 வருகிறது, இது துளையுள்ள பெட்டிக்கு ஏற்றது. மின் க்யூ என்பது ஒத்ததிர்வில் மோட்டார் போடும் பிரேக்கின் அளவு; எண் குறைந்தால் பிரேக் அதிகம். அதே கூம்புக்கு பிஎல்லை 22 ஆக உயர்த்தினால் க்யூ 0.2 அளவுக்கு இறங்கும். நடு அதிர்வெண்களில் கிட்டத்தட்ட 3 டெசிபல் கூடும். ஆனால் ஒத்ததிர்வைச் சுற்றியுள்ள பேஸைப் பிரேக் பிடித்துவிடுவதால், காதுக்குப் பேஸ் குறைந்ததாகவே படும். அப்படிப்பட்ட மோட்டார் ஹாரன் பெட்டிக்கு உரியது. பிஎல்லை 12 ஆகக் குறைத்தால் க்யூ 0.65, துளைப் பெட்டியில் போட்டால் ஒரே சுரத்தில் கும்மென்று எதிரொலிக்கும்.

நீலகிரியில் இதற்கு மேல் ஒரு திருத்தம் தேவை. பெட்டிக்குள் அடைபட்ட காற்றின் விறைப்பு வளிமண்டல அழுத்தத்தைப் பொறுத்தது. ஊட்டியில் அது கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 23 சதவீதம் குறைவு. விவரத்தாளில் 80 லிட்டர் என்று போட்டிருக்கும் சமானக் கன அளவு (கூம்பின் தொங்கலுக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் அளவு) இங்கே 62 லிட்டராகிவிடும். 40 லிட்டர் மூடிய பெட்டியில் சமவெளியில் 78 ஹெர்ட்ஸாக இருந்த ஒத்ததிர்வு இங்கே 72 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். சமவெளிக்கு வடிவமைத்த அதே நடத்தை வேண்டுமென்றால் பெட்டியை 31 லிட்டராகச் சிறிதாக்கலாம். மலையில் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரே சலுகை இது. துளையின் சுருதியை உயரம் மாற்றாது, ஏனென்றால் அது ஒலியின் வேகத்தைப் பொறுத்தது. குளிரில் மட்டும் சில சதவீதம் இறங்கும். பெட்டியின் கன அளவைக் குறைத்தால் துளையின் நீளத்தை மறுபடி கணக்கிட வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

எட்டாம் படி: சூடு

செயல்திறன் 2 சதவீதமுள்ள ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர் எனப்படுகிறது; 100 வாட்டில் 98 வாட் சூடாகிறது. காயில் 100 டிகிரி ஏறினால் செம்பின் மின்தடை 39 சதவீதம் கூடி, உரப்பு 3 டெசிபல் வரை விழும். மெல்லிய காற்றில் குளிர்ச்சி குறையும் என்று அஞ்ச வேண்டியது ஓரளவே: கேப்புக்குள் சூட்டைக் கடத்தும் காற்றின் வெப்பக் கடத்துதிறன் அழுத்தத்தால் மாறுவதில்லை. துளைகள் வழியாக வீசும் காற்றின் பயன் மட்டும் குறைகிறது, அதையும் மலைக்குளிர் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது.

ஒன்பதாம் படி: வாங்கியதை அளந்து பாருங்கள்

விவரத்தாளில் இருக்கும் பிஎல் ஓய்வு நிலைக்கு உரியது. அசைவில் அது எப்படி விழுகிறது என்பதை வீட்டிலேயே அளக்கலாம். ஸ்பீக்கரை மல்லாக்க வைத்து, கூம்பின் நடுவில் ஒரு டயல் கேஜை நிறுத்துங்கள். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய நேர்மின் சப்ளையையும் ஆம்பியர் மீட்டரையும் காயிலோடு தொடராக இணையுங்கள். டயலின் அளவைக் குறித்துக்கொண்டு, 500 கிராம் மணல் பையைக் காயிலுக்கு நேர் மேலே வையுங்கள். இரும்புப் படிக்கல் கூடாது. காந்தம் அதை இழுத்துக் கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு டயல் பழைய இடத்துக்குத் திரும்பும் வரை ஓட்டத்தை ஏற்றுங்கள். 500 கிராமின் எடை 4.89 நியூட்டன். அதை ஆம்பியரால் வகுத்தால் பிஎல். 0.306 ஆம்பியர் வந்தால் பிஎல் 16.

அசைந்த நிலையில் அளக்க, முதலில் எடை இல்லாமல் ஓட்டம் பாய்ச்சிக் கூம்பை வேண்டிய இடத்துக்கு, உதாரணமாக 4 மி.மீ. வெளியே, கொண்டுசென்று ஓட்டத்தைக் குறியுங்கள். எடையை வைத்து அதே இடத்துக்கு மீண்டும் கொண்டுவந்து புதிய ஓட்டத்தைக் குறியுங்கள். இரண்டின் வித்தியாசத்தால் எடையை வகுத்தால் அந்த இடத்தின் பிஎல் கிடைக்கும். ஸ்பைடரின் இழுப்பும் டயல் கேஜின் ஸ்பிரிங்கும் இரு தடவையும் ஒன்றே என்பதால் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றன. ஸ்பைடர் மெல்ல நெகிழும் இயல்புடையது. ஆகவே ஒவ்வொரு அளவீட்டையும் ஒரே வேகத்தில், தாமதமின்றி எடுங்கள். ஓட்டத்தைத் திருப்பிப்போட்டு உள்பக்கமும் அளந்து, பிஎல் ஓய்வு நிலையில் இருந்ததன் 82 சதவீதத்துக்கு இறங்கும் இடத்தை இரு பக்கமும் குறியுங்கள். திரிபு ஏறத்தாழ 10 சதவீதத்தை எட்டும் எல்லை அது. இரு பக்கத்து எல்லைகளும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் காயில் கேப்பின் நடுவில் இல்லை. கடைக்காரரிடம் மாற்றிக் கேட்க அதுவே போதிய காரணம்.

ரீவைண்டிங்குக்குப் பிரித்த பழைய மோட்டாரில் புதிய காயிலை இறக்கும் முன், ஒட்டும் பக்கம் வெளியே இருக்குமாறு செல்லோடேப்பைப் பழைய எக்ஸ்ரே தாளில் சுற்றி, கேப்புக்குள் விட்டு வட்டமாக இழுங்கள். துருத்தூளும் இரும்புத்தூளும் அதில் ஒட்டிக்கொண்டு வரும். தாள் சுத்தமாக வெளிவரும் வரை டேப்பை மாற்றி மாற்றிச் செய்து, முடித்த கையோடு கேப்பின் வாயை மறைப்பு டேப்பால் மூடிவிட்டு, காயில், ஸ்பைடர், கூம்பு எல்லாம் ஒட்டத் தயாரான பின்பே அதைப் பிரியுங்கள்.